கேன்டீனைப் பற்றிய ஏழு குறிப்புகள்

மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.
16–9–1979

சிரஞ்சீவி சிவஞானத்துக்கு உன் அக்காள் வீட்டுக்காரன் தேவராஜ் ஆசி கூறி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். ஆனால் உன் அக்காள் கனகவல்லிக்கு இடது முழங்காலில் வலி, விஜயாவுக்கு ஜலதோஷம், எனக்கு மனசு சரியில்லை, கிணற்றுத் தண்ணீர் மட்டும் நன்றாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். இதில் எதை நலம் என்று எடுத்துக்கொள்வது என்பதை நீயே தீர்மானித்துக்கொள். டெல்லியில் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். ஆபீசர் பதவிக்கு நடத்திய இலாகா பரீட்சையில் என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். கணக்கு, விதிமுறை, ஸ்டோர்ஸ் நடைமுறை எல்லாவற்றிலும் நல்ல மார்க். எழுத்துத் திறன் என்று இந்த வருஷம் புதிதாக ஒரு தாள் வைத்தார்களே, அதில் கவிழ்த்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவனுக்கு இனி வேறு பரீட்சை கிடையாது. ஆபீசராக வெளியே போவதா, ஹெட் கிளார்க்காகவே வெளியே போவதா என்பது இதில்தான் இருக்கிறது. தோற்றவர்களுக்கு இந்த மாதமே மறுதேர்வு வைக்கிறார்களாம். நான் எழுதுவதாக இல்லை. சரியாகச் செய்த வேலையை இன்னொரு தரம் செய்தால், முதல் தரம் செய்தது தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நீ தலைமை அலுவலகத்தில் பணியாளர் பிரிவிலேயே இருக்கிறாய். டைரக்டரை லிஃப்டிலாவது பார்ப்பாய். தேவராஜ் என்பவரின் விடைத்தாளை நிதானமாக இன்னொரு முறை படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பது உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

எல்லா ஊர்த் தொழிற்சாலைகளுக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நாள், ஒரே நேரம், அரக்கு வைத்த உறை. திருத்துவதும் டெல்லியிலிருந்து வந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கேள்வி என்னவென்றால், ஒரு தொழிற்சாலையின் கேன்டீனைப் பற்றி ஏழு குறிப்புகள் கொடுத்திருந்தார்கள். தொழிற்சாலை ஆரம்பித்த வருஷத்திலேயே கேன்டீனும் ஆரம்பித்தது. அது பெயின்ட் அடிக்கும் கூடத்துக்கு அடுத்தாற்போல் இருப்பதால் காற்றடித்தால் நெடி சாப்பாட்டுக்கு வருகிறது. இட்லி நன்றாக இருக்கிறது. மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது. கேன்டீன் சூப்பர்வைசர் சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார். இரண்டாவது பந்திக்கு இடம் இல்லாமல் தொழிலாளர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். பார்வையிட வந்த பிரமுகர் ஒருவர் கேன்டீனைப் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இவற்றிலிருந்து தேவையானவற்றைப் பயன்படுத்தி, கேன்டீனை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டிய அவசியத்தை ஜெனரல் மேனேஜருக்கு வலியுறுத்தி ஒரு பத்தி எழுதுக என்று கேள்வி.

நான் ஏழையும் எழுதினேன். ஒன்று விடாமல், கோர்வையாக, நல்ல இங்கிலீஷில் எழுதினேன். எனக்கு எந்தக் காலேஜ் வாத்தியாரும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஸ்டோர்ஸ் மானுவலையும் பார்சல் சுற்றி வந்த செய்தித்தாள்களையும் படித்து நானாகக் கற்றது. அப்படிக் கற்றவன் எழுதிய பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில், "தேவையற்ற விஷயங்கள், நோக்கம் நிறைவேறவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சிவஞானம், நீயே சொல். வாழ்நாள் முழுக்க ஸ்டோர்ஸில் இருந்தவன் கையில் ஏழு உருப்படியைக் கொடுத்துவிட்டு மூன்றுக்கு மட்டும் கணக்கு எழுதினால் போதும் என்றால் அவன் என்ன செய்வான். மற்ற நாலு எங்கே என்று ஆடிட்காரன் கேட்க மாட்டானா. தேவையானவை என்ற சொல்லை நான் படிக்காமல் இல்லை. கொடுத்தவன் தேவையில்லாததை எதற்குக் கொடுப்பான் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் பயிற்சி அதிகாரி சீதாராமனிடம் போய்க் கேட்டேன். என்னைவிட வயதில் பாதிதான் இருப்பான். தங்கமான பையன், வெறுப்பே காட்டாமல் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"சார், நோட்ஸ் எல்லாத்தையும் போடணும்னு இல்ல. நம்ம நோக்கத்துக்கு எது வேணுமோ அதை மட்டும் எடுத்துக்கணும். நெடி, ஒழுகற கூரை, நின்னு சாப்பிடறது. மூணு போதும்."

"மிச்சத்தை என்ன பண்றது?"

"விட்டுடணும்."

"எங்க விடறது?"

"எங்கயும் இல்ல சார். அப்படியே விட்டுடணும்."

"இட்லி நல்லா இருக்கறது உண்மைதானே?"

"உண்மைதான் சார். ஆனா இட்லி நல்லா இருக்குன்னு நீங்க எழுதினா, அப்ப எதுக்கு மாத்தணும்னு ஜி.எம். கேப்பாரே. பிரமுகர் வேற பாராட்டியிருக்காருன்னு எழுதியிருக்கீங்க. உங்க பத்தியைப் படிச்சா எனக்கே அந்த கேன்டீன்ல போய் சாப்பிடணும் போல இருக்கு."

பக்கத்து மேஜையில் இருந்த டைப்பிஸ்ட் பெண் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவனிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். ஜெனரல் மேனேஜர் குழந்தை இல்லை. அவரும் அதே இட்லியைத்தான் சாப்பிடுகிறார். இட்லி நன்றாக இருக்கிறது என்பதை நான் மறைத்தால், கூரை ஒழுகுகிறது என்பதையும் அவர் நம்ப மாட்டார். சாதகம் பாதகம் இரண்டையும் வைத்து, இவ்வளவு இருந்தும் மாற்றத்தான் வேண்டும் என்று சொல்வதுதான் நேர்மையான குறிப்பு. சீதாராமன் தலையை ஆட்டிக்கொண்டே, "நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல சார். ஆனா கேள்வி அது இல்ல" என்றான். மறுதேர்வு விண்ணப்பத்தை அவனே பூர்த்தி செய்து, என் கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினான். வாங்கிக்கொண்டு வந்தேன். கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று உனக்குத் தோன்றலாம். சில வருஷங்களுக்கு முன்னால் கிரேனுக்குக் கம்பி வடம் வாங்கினார்கள். யாரிடம் வாங்கலாம் என்று ஒருவர் குறிப்பு எழுதினார். பெயர் வேண்டாம், இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். விலை சல்லிசு, சீக்கிரம் கொடுப்பார்கள், பக்கத்திலேயே கிடங்கு இருக்கிறது என்று மூன்றே காரணம், அழகான பத்தி. முந்தின தரம் அவர்கள் அனுப்பிய வடம் உள்ளே துருப்பிடித்திருந்தது என்று என் ஸ்டோர்ஸிலிருந்து போன சீட்டும் அவர் கையில் இருந்தது. அது அவர் நோக்கத்துக்கு உதவாது, ஆகவே விட்டுவிட்டார். வடம் அறுந்தது. கீழே நின்ற தொழிலாளி மயிரிழையில் தப்பினான், தோள்பட்டை மட்டும் போயிற்று. இன்றைக்கும் அவனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அந்தக் குறிப்பை எழுதியவர் இந்தப் பரீட்சையை எழுதியிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பார்.

இதை வீட்டில் சொன்னேன். கனகவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. உன் அக்காள் எப்போது ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

"வடத்துக்கும் மனுஷங்களுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? பெரம்பூர்க்காரங்க வந்தப்பவும் இதைத்தானே பண்ணீங்க?"

அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆவணியில் விஜயாவைப் பெண் பார்க்கப் பெரம்பூரிலிருந்து வந்தார்கள். பெண் பி.காம். படித்திருக்கிறாள், வீட்டு வேலை தெரியும், பெரியவர்களிடம் மரியாதை, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கனகவல்லி எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். நானும் அந்த மூன்றையும் சொன்னேன். பையனுடைய தகப்பனார் நல்ல மனிதராக, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் பாதியைச் சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சின்ன வயதில் டைபாய்ட் வந்து முடி கொட்டி மறுபடி வளர்ந்ததைச் சொன்னேன். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், கோபம் வந்தால் தெலுங்கில்தான் பேசுவாள் என்றும் சொன்னேன். ஒரு தரம் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டுச் செகந்திராபாத் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனதையும் சொன்னேன். அதை நான் பெருமையாகத்தான் சொன்னேன், அவர்களுக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறோம் என்றவர்களிடமிருந்து இதுவரை ஒரு கார்டுகூட வரவில்லை.

"விடும்மா, அந்தச் சம்பந்தம் நமக்கு நக்கோ" என்று விஜயா அவள் அம்மாவைத்தான் சமாதானப்படுத்தினாள். வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் நக்கோ. அன்று சாப்பிடும்போது மட்டும் என்னோடு பேசவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நடந்தது நடந்ததுதானே, எழுதிவிட்டேன்.

ஆக, டைரக்டரிடம் நீ சொல்ல வேண்டியது, உள்ளதைச் சொன்னவனைத் தோற்கடிப்பது ஒரு அரசாங்க நிறுவனத்துக்கு அழகா என்பதுதான். மறுதேர்வுக்கு நான் போகமாட்டேன். ஹெட் கிளார்க்காகவே மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாலும் வருவேனே தவிர, நன்றாக இருக்கும் இட்லியை விட்டுவிட்டு எழுத மாட்டேன். இது முடிவு. வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டு.

குளிர்காலம் நெருங்குகிறது, குழந்தைகளுக்கு இப்போதே கம்பளி எடுத்து வை. உன் அக்காள் உன்னை மட்டும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உன் மனைவியையும் சேர்த்தே விசாரித்தாள் என்று நானாகச் சேர்த்து எழுதக்கூடாது அல்லவா, ஆகவே அவளை நான் விசாரித்ததாகச் சொல். வீட்டில் விளக்கு எரிய, குழந்தைகள் கண் எதிரே வளர, நீடூழி இருங்கள்.

இப்படிக்கு,
தேவராஜ்

பின்குறிப்பு (28–9–1979): நீ டைரக்டரைப் பார்க்க வேண்டாம். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவும் வேண்டாம். பெட்டியில் போடச் சொல்லி விஜயாவிடம் கொடுத்திருந்தேன். அவள் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டு, போடாமல் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அப்பா, டைரக்டருக்கு கைக்கு என் டைபாய்ட்?"

கைக்கு என்றால் இந்த ஊரில் எதற்கு என்று.

"நீங்க கேக்கறது பேப்பரை மறுபடி பாக்கணும்னு. அதுக்கு இதுல எது வேணும், அண்டர்லைன் பண்ணிக் காட்டுங்க, சூஸ்தானு" என்று பென்சிலை நீட்டினாள். சூஸ்தானு என்றால் பார்க்கிறேன் என்று அர்த்தம். உட்கார்ந்து கோடு போட்டுப் பார்த்தேன். சில வரிகளுக்கு மேல் தேறவில்லை. மற்றதெல்லாம் உண்மைதான், ஒரு சொல்லையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அவள் தலைமுடியைப் பற்றி டெல்லியில் ஒரு அதிகாரி படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்று மறுதேர்வு எழுதினேன். எழுதிய கடிதம் வீணாக வேண்டாம் என்று இதை அனுப்புகிறேன். இதனால் முதலில் அவர்கள் போட்ட மார்க் சரி என்று ஆகாது.

இந்தத் தடவையும் ஏழு குறிப்புகள். ஒரு தொழிலாளியைப் பற்றி, அவனுக்குச் சிறந்த ஊழியர் பரிசு தரச் சொல்லிப் பரிந்துரை எழுத வேண்டும். தீப்பிடித்தபோது ஆளைக் காப்பாற்றியிருக்கிறான், புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறான், மெஷினைத் தன் கையாலேயே பழுது பார்க்கிறான். கூடவே அவன் பிறந்த ஊர், காலையில் அடிக்கடி தாமதமாக வருவது, கேன்டீனில் போட்ட ஒரு சண்டை என்று வேறு விஷயங்களும் இருந்தன. அந்தத் தாமதத்தை எழுதுவதா விடுவதா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கற்பனை ஆள்தான், பரிசும் கற்பனைதான். என்றாலும் அதை எழுதினால் அவனுக்குப் பரிசு கிடைக்காது. எழுதாவிட்டால் யாருடைய தோளும் போகாது. மூன்றை மட்டும் எழுதி முடித்தேன்.

முடித்த பிறகு எழுந்து போக முடியவில்லை. எங்கள் ஸ்டோர்ஸில் வேலைக்கு வாங்கிப்போன சாமான் மிஞ்சினால் அதை யாரும் அப்படியே விட்டுவிட்டுப் போவதில்லை; ரிட்டர்ன் சீட்டு எழுதி ஸ்டோர்ஸிலேயே திருப்பி ஒப்படைப்பார்கள். ஆகவே பத்திக்குக் கீழே கோடு கிழித்து, "மீதி நாலு குறிப்புகள் இந்த வேலைக்குத் தேவைப்படவில்லை, சேதமில்லாமல் திருப்பி ஒப்படைக்கப்படுகின்றன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடைத்தாளை வாங்கிய சீதாராமன் நின்றபடியே படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சார், பத்தி பிரமாதம். பாஸ் ஆயிடுவீங்க. இந்தக் கீழ் வரியை மட்டும் அடிச்சிடுங்க."

"நக்கோ" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன்.