பாட்டிலில் பேச்சு, வீட்டில் இல்லை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் என் முந்தைய கடிதங்களுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரில் மண்வாடை அடிக்கிறது என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். ஆயுள் முழுக்கக் குடிநீர் நிலையத்தில் குளோரின் கலந்தவன் நான். மூக்கு சும்மா இருந்தாலும் வாய் இருக்காது. மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி போனபின் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தேன் அல்லவா, உங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, ஏரித் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஆராய்கிறார் அல்லவா, ஆராய்ச்சிக்கூடத்து ஃபிரிட்ஜ் பழுது என்று அந்தத் தண்ணீர் பாட்டில்களை வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுவந்து வைத்தார், என்னிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கோ அன்று ஜலதோஷம், வாசனை தெரியவில்லை, ஒரு பாட்டிலை மடமடவென்று குடித்துவிட்டேன். வயிறு என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. மகள் ஓடிவந்து, "ஐயோ, அது அவரோட சாம்பிள்ப்பா!" என்று அலறினாள். வயிறு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே வீட்டு ஃபிரிட்ஜும் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்தார். "என்ன சார் இது, கலங்கலா இருக்கு?" என்று கேட்டதுதான் தாமதம், உங்கள் மகனுக்கு வாய் திறந்தது பாருங்கள்!

"ஒவ்வொரு கிருமியும் ஏதோ ஒரு ரசாயனத்தைத் தண்ணில விட்டுக்கிட்டே இருக்கும்ண்ணே. தனியா இருந்தா அது கரைஞ்சு போயிடும். கூட்டம் சேரச் சேர அதுவும் சேரும். ஓஹோ, நாம நிறைய பேர் இருக்கோம்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் எல்லாம் ஒண்ணா சேர்ந்து பாறைல வழவழன்னு படிஞ்சுக்கும்."

"அட, நம்மளவிடப் பரவாயில்லையே!" என்றார் மெக்கானிக். இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். இதில் ஒரு வரியைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை, சம்பந்தி. கண்ணுக்குத் தெரியாத கிருமி முணுமுணுப்பது அவருக்குக் கேட்கிறது. நான் இருமுவது கேட்கவில்லை.

மறுநாள் அவர்கள் வேலைக்குப் போனதும், துணி வெளுக்கும் குளோரினை எடுத்து எல்லாப் பாட்டிலிலும் விட்டேன். பழக்க தோஷம் என்று உங்களிடம் சமாளிக்கலாம். பழக்கமும் இல்லை, தோஷமும் இல்லை. பொறாமை. இந்த வயதில், கிருமிமேல்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளை வருகிறார், காதில் எதையோ செருகியிருக்கிறார், சாப்பிடுகிறார், கதவைச் சாத்திக்கொள்கிறார். மகள் "மாத்திரை போட்டியாப்பா?" என்பதோடு சரி, பதிலுக்கு நிற்பதில்லை. "மழ வர்ற மாதிரி இருக்கு" என்று நானாகச் சொல்லிப் பார்க்கிறேன், மின்விசிறிக் காற்றோடு போய்விடுகிறது. கண்டுபிடித்துவிட்டார்கள், கூடிப் பேசி எனக்குத் தண்டனை கொடுக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக வீட்டுக்குப் பெரியவனை இப்படி உயிரோடு ஊமையாக்கலாமா? நீங்கள் பெற்றவர், உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்லவில்லை. எதிரே நிறுத்தி வைத்துத் திட்டச் சொல்லுங்கள். "உங்களுக்கு அறிவிருக்கா மாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் சொல்ல எப்போதோ தயாராகிவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தீரட்டும். இருவரும் நீண்ட ஆயுளோடும், அதற்கேற்ற பேச்சுத் துணையோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி,
குளோரின்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சமையலறையில் சத்தம். மாப்பிள்ளை அந்தப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. "மாப்ள, அதுல குளோரின் ஊத்தினது நான்தான்" என்றேன். காதில் இருந்ததை எடுத்துவிட்டு, "ஏதாச்சும் சொன்னீங்களா மாமா?" என்றார். மறுபடி சொன்னேன். "அட, இது வேண்டாத தண்ணி மாமா. சாம்பிளெல்லாம் நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் பழுதான அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். இதைக் கொட்ட நேரமே கிடைக்கல."

"அப்போ எங்கிட்ட கோவம் இல்லையா? இத்தன நாளா பேசலையே?"

"பேசலையா? எப்பவும் போலத்தானே மாமா இருக்கேன்?" என்று சொல்லிக் காதில் திரும்பவும் செருகிக்கொண்டார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நீங்கள் எனக்குப் பதில் போடாதது மட்டும் அந்த மண்வாடைக் கோபத்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் தயவுசெய்து தெரிவிக்க வேண்டாம்.