ஒரு வாரம் வாழ்ந்த காந்தம்

இயற்பியலில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்புக்கு ஆயுள் சரியாக ஒரு வாரம். (அதைக் கொன்றதும் நான்தான். வேறு யார்மேலும் பழி இல்லை.)

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மின்சாரத்தைக் கடத்தாத ஒரு காந்தப் பொருளை இன்னொரு பொருளின்மேல் மெல்லிய படலமாகப் படியவைத்து, இரண்டும் தொடும் எல்லையில் காந்தம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது என் வேலை. சீர்காழிப் பக்கம் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் அப்பாவிடம் விளக்கினேன்.

"ரெண்டு வயலும் ஒழுங்காத்தான் இருக்கு, வரப்புலதான் வில்லங்கம்ங்கிற. இதுக்கு எதுக்கும்மா அஞ்சு வருஷம்?" என்றார்.

நான்கு வருடம் அந்த எல்லையில் காந்தம் செத்துத்தான் கிடந்தது. ஐந்தாம் வருடம், ஆய்வுக்குழு கூட ஒரு வாரம் இருக்கையில், காந்தத்தை அளக்கும் கருவியின் திரையில் சிக்னல் எகிறியது. குழுவுக்குத் திருப்தி என்றால் ஒரு வருட நீட்டிப்பு. இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புத்தியுள்ளவள் மறுபடி சரிபார்த்திருப்பாள். நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

குழுவில் வெளியூர்ப் பேராசிரியை ஒருவர். அரைமணி நேரம் நான் முழங்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படலத்தை ஏந்துற கண்ணாடித் தண்டு இருக்கே, அதை வெறுமனே அளந்து பாத்தீங்களாம்மா?" என்றார்.

பார்க்கவில்லை. எல்லோரும் ஆய்வகத்துக்கு நடந்தோம். படலத்தைக் கழற்றிவிட்டு, தண்டை மட்டும் கருவிக்குள் விட்டேன். சிக்னல் அதே உயரத்துக்கு எகிறியது.

அவர் தண்டை எடுத்துத் திருப்பினார். அடியில் லட்சணமாக ஒரு குங்குமப் பொட்டு.

சிக்னல் வந்ததற்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் மண்வெட்டி முதல் டிராக்டர் வரை பொட்டுக்குத் தப்பியது கிடையாது. அந்தப் பழக்கத்தில் ஆய்வகத்திலும் ஒன்று விடாமல் வைத்திருந்தேன். மலிவுக் குங்குமம், இரும்புத்தூள் கலப்படம். துடைத்ததும் சிக்னல் போயிற்று. (மானமும்.)

"யாரு வெச்சது?"

"நான்தான் மேடம்."

"ஒத்துக்கிட்டீங்க, அதுக்கு ஆறு மாசம் தர்றோம். மொதல்ல எல்லாத்தையும் கழுவுங்க."

கழுவினேன். எல்லையில் காந்தம் செத்துத்தான் கிடக்கிறது என்பதையே நேர்மையாக எழுதிப் பட்டமும் வாங்கினேன். ஆனால் நடந்ததையெல்லாம் என் வாயாலேயே கேட்டிருந்த அப்பா விடவில்லை. என் கல்யாணத்தில், தாலி கட்டியபின் மாப்பிள்ளை என் நெற்றிக்குக் குங்குமத்தைக் கொண்டுவந்த நேரம், பின்னாலிருந்து அவர் குரல்:

"மாப்ள, வெறும் நெத்திய மொதல்ல அளந்துட்டீங்களா?"

கல்யாண வீடியோவில் நான் தலையைக் குனிந்துகொண்டு குலுங்குகிறேன். பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று நினைத்து மாமியார் கைக்குட்டை நீட்டுகிறார். விஷயம் தெரிந்ததிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அவர்தான் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்.