அப்பவே சொன்னவரும் ஒற்றைக்கண் பிக்கப்பும்

மனித இனத்தில் 'அப்பவே சொன்னவர்' என்று ஒரு வகை உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார்; இல்லாத தெருவுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்துபோவார். குழாய் ஒழுகினாலும் வருவார், கூரை ஒழுகினாலும் வருவார் என்றாலும், அவருடைய முழுத் திறமையும் வெளிப்படுவது ஏதாவது ஒரு வண்டியின் பானெட் திறக்கும்போதுதான். அந்தக் 'கிரீச்' சத்தம் அவர் காதில் எப்படித்தான் விழுகிறதோ! மதியத் தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பக்கத்து அறையிலிருந்து மனைவி கூப்பிட்டால் கேட்காத அதே காதுதான்.

வந்தவுடன் வாயைத் திறக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், டயரை ஓர் உதை உதைப்பார் (கோளாறு ஹார்னில் இருந்தாலும் உதை டயருக்குத்தான்), குனிவார், "ச்சு" என்பார், நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார், அப்புறம் நீதிபதியைப் போலக் கேட்பார்: "இதுக்கு முன்னாடி இதுல யாரு கை வச்சது?" யாரும் கை வைக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "அதான் பார்த்தேன்" என்பார். யாரோ கை வைத்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் "அதான் பார்த்தேன்" என்றுதான் சொல்வார்.

எதிர்வீட்டில் சலவை நிலையம் வைத்திருக்கும் பெண்ணுக்கு இப்படி ஒருவர் அக்கா புருஷனாக வாய்த்திருக்கிறார். அந்நியராக இருந்தால் "உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லலாம். மாமாவிடம் எப்படிச் சொல்வது? அவளிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே பெயின்ட் உரிய ஆரம்பித்த வண்டி. அன்று மதியம் அதன் இடது ஹெட்லைட் எரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் வேலை, நடையாய் நடந்து கேட்டபின், அவளுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. முதல் லோடு மறுநாள் விடிவதற்குள் அங்கே இறங்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடி. ஒற்றை விளக்கு வண்டியை இருட்டில் விடவே மாட்டார்கள்.

தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகத்தான் சாவியை எடுத்தாள். எதற்கும் ஒரு தரம் பார்ப்போமே என்று பானெட்டைத் தூக்கினாள் பாருங்கள், அதுதான் தப்பாகப் போயிற்று.

"அவன்கிட்ட எதுக்கும்மா? வயரை எல்லாம் பிச்சுப் போட்டுடுவான். நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் மாமா.

'நான் எதுக்கு இருக்கேன்' என்ற கேள்விக்கு அந்தக் குடும்பத்தில் பல வருடங்களாக யாரும் பதில் சொல்லவில்லை. வாசற்படியில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவும் அன்றைக்குச் சொல்லவில்லை. நான் என் வீட்டு வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது இந்த இனத்தின் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ள மாட்டார்கள். "பல்பு போயிருக்கும்" என்று ஆரம்பித்தார் மாமா. அவள் புதுப் பல்பு மாட்டினாள், எரியவில்லை. "பல்பு இல்லன்னா ஃபியூஸு. ஃபியூஸு இல்லன்னா ரிலே. அதுவும் இல்லன்னா சுவிட்சு, இல்லன்னா எங்கயாவது கனெக்‌ஷன் லூஸா இருக்கும், எலி கடிச்சிருக்கலாம், போன மழையில தண்ணி போயிருக்கலாம், நீ அந்த ரேடியோ மாட்டினியே, அப்பவே நான் நினைச்சேன்" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில், அந்த வண்டியில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக மிஞ்சியது ஸ்டெப்னி ஒன்றுதான். இதில் எது கடைசியில் கோளாறாக வந்தால் என்ன? அவர் அப்பவே சொன்னவர் ஆகிவிடுவார்.

அவள் இடது இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தாள். இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம், எரியாத ஹெட்லைட்டும் மங்கலாகக் கூடவே கண் அடித்தது.

"என்ன மாமா இது, இதைப் போட்டா அது எரியுது?"

"பேட்டரி வீக்கும்மா" என்றார், கண் இமைக்காமல்.

"வீக்குன்னா வலது பக்கம் எப்படி நல்லா எரியுது?"

"எரியும். ஆனா எரியக் கூடாது."

இந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து ஃபியூஸ். இரண்டு விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் உள்ள வண்டி அது. மாமா இடது பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கைக்குப் பட்ட இடத்தில் வைத்துவிட்டு, வலது பக்கத்து நல்ல ஃபியூஸை எடுத்து இடது பக்கம் சொருகினார். இடது விளக்கு எரியவில்லை. வலது விளக்கு இப்போது அதனோடு சேர்ந்துகொண்டது. கழற்றிய ஃபியூஸ் எங்கே என்று தேடினால் காணோம். "இங்கதான்மா வச்சேன்" என்று மாமா காட்டிய இடங்கள் எல்லாம் சேர்ந்தால் வண்டியை விடப் பெரியவை.

வெயில் இறங்கிவிட்டது. "விடுங்க மாமா, நான் கடைக்கே கொண்டுபோறேன்" என்று அவள் தெருமுனையைப் பார்த்த நேரத்தில், எலக்ட்ரீஷியன் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் தன் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு விடியறதுக்குள்ள நான் ஆஸ்பத்திரியில நிக்கணும் மாமா. முதல் நாளே போகலைன்னா அவ்வளவுதான், இனிமே கூப்பிடவே மாட்டாங்க. மதியமே கடைக்குப் போயிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. மாமாவுக்கும் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். அந்த நிமிடம் அவர்மேல் இருந்த எரிச்சல்கூடக் கொஞ்சம் குறைந்தது.

ஆனால் இந்த இனத்துக்கு வருத்தம் நிலைக்காது.

"அட, பதறாதம்மா" என்று சொல்லியபடி, உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக இடது மட்கார்டின் மேல் தன் தொப்பையை நன்றாகச் சாய்த்தார். பளிச்சென்று இடது விளக்கு எரிந்தது!

"பார்த்தியா? ஃபியூஸுதான்! நான் சொல்லலை?" என்று குதித்துப் பின்னால் வந்தார். விளக்கு அணைந்தது. திடுக்கிட்டு மறுபடி சாய்ந்தார். எரிந்தது. "ரிலேதான்!" என்று நிமிர்ந்தார். அணைந்தது. இப்படியே சுவிட்ச், எலி, மழை என்று ஒவ்வொரு தீர்ப்பாகச் சொல்லி மனிதர் சாய்ந்து நிமிர்ந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இன்னொரு தரம் சாயுங்க."

தன் கைராசியைத்தான் ரசிக்கிறாள் என்று நினைத்து மாமா பெருமையாகச் சாய்ந்தார்.

"அப்படியே இருங்க. அசையாதீங்க."

அவர் தொப்பைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். விளக்கிலிருந்து வரும் எர்த் வயரை வண்டியின் பாடியோடு சேர்த்து முடுக்கியிருந்த போல்ட்டு, துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. மாமா அழுத்தினால் வயர் தகரத்தைத் தொட்டது; நகர்ந்தால் விட்டது. இண்டிகேட்டருக்கும் அதே எர்த்துதான்; அது விட்டுப்போனதால் இண்டிகேட்டரின் கரண்ட் ஹெட்லைட் வழியாகச் சுற்றிப்போய் அதைக் கண் அடிக்க வைத்திருக்கிறது. அந்தத் தொப்பை அவள் குடும்பத்துக்குச் செய்த முதல் உபகாரம் அது. அவள் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஸ்பேனரால் இறுக்கினாள். மாமா தள்ளி நின்றும் விளக்கு எரிந்தது.

வலது விளக்கு?

"ஏங்க, உங்க சட்டைப் பையில என்னவோ துருத்திக்கிட்டு இருக்கே" என்றாள் அக்கா, மடிப்பதை நிறுத்தாமல்.

ஃபியூஸ்தான்.

இரண்டு விளக்குகளும் என் வீட்டுச் சுவரில் பளீரென்று அடித்தன. சந்தோஷத்தில் நான் கை தட்டிவிட்டேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கனெக்‌ஷன் லூஸுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

சொன்னார்தான். சுவிட்சுக்கும் எலிக்கும் நடுவில் சொன்னார். அதுதான் கொடுமை.

"ஆமா மாமா, சொன்னீங்க" என்று அவள் சிரித்தாள். மறுநாள் விடிவதற்குள் விரிப்புகள் ஆஸ்பத்திரியில் இறங்கிவிட்டன. வேலையும் அவளுக்கே நிலைத்தது.

போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இண்டிகேட்டரோடு சேர்ந்து ஹெட்லைட் கண் அடித்ததே, அந்த இடத்திலேயே நீங்கள் "இது எர்த் கோளாறு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை, மனதுக்குள் நினைத்தேன் என்கிறீர்களா? அல்லது, எல்லாம் முடிந்தபிறகு, அப்பவே நினைத்தது போலத் தோன்றுகிறதா? எதுவாக இருந்தாலும் சரி. கோபித்துக்கொள்ளாமல் பானெட்டைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு வெளிச்சம் மறைக்கிறது.