படகுக்கு மீட்டர் வைத்த மாப்பிள்ளை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெகுகாலம் ஆனது. இளவயதில் யார் எதைக் கேட்டாலும் ‘ஆமா, தெரியும்’ என்பதுதான் என் பதில். வழி கேட்டவர்களுக்கு நான் கை காட்டிய திசையில் போனவர்கள் சிலர் இன்னும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் குணம் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதை இது.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் தெலுக் பங்லிமா காராங்கில், மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ரப்பர் மரப் பலகைகள் சரியாகக் காய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கையடக்கமான ஒரு மீட்டர் தருவார்கள். அதன் இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தினால் முள் நகரும். முள் பச்சையில் நின்றால் பலகை உள்ளே போகும், சிவப்புக்குப் போனால் திரும்பிப் போகும். என் தொழில்நுட்ப அறிவு இவ்வளவுதான். (சொந்தக்காரர்களிடம் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தேன்.)

கௌரியைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூப்பந்துக் குழுவில் சந்தித்தேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவள் அடித்த பந்து என் மூக்கில் பட்டதில் பழக்கம் ஆரம்பித்தது, ஒரு வருடத்தில் கல்யாணப் பேச்சு வரை வந்து நின்றது. அவள் அப்பா நடராஜா, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணக் குடும்பம். நானோ சுங்கை வேயில் வளர்ந்த லோரி டிரைவர் மகன். அவர் என்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “பாப்பம்” என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு எல்லா அர்த்தமும் உண்டு.

முதல் தடவை வீட்டுக்குப் போனபோது, முறுக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“தம்பி என்ன வேலை செய்யிறீர்?”

“மரத்துல ஈரம் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாக்குற வேலை அங்கிள்.”

அவர் கையிலிருந்த பத்திரிகை கீழே இறங்கியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொந்தமாக ஒரு படகு வாங்கி மீன் பிடிக்கப் போக வேண்டும் என்பது அவர் கனவு என்று கௌரி சொல்லியிருந்தாள்.

“படகிலயும் அப்பிடிப் பாக்கலாமோ?”

“தாராளமா பாக்கலாம் அங்கிள்.”

சமையலறை வாசலில் கௌரியின் தலை தெரிந்தது. அந்தப் பார்வைக்கு அப்போதே நான் மரியாதை கொடுத்திருக்க வேண்டும்.

“கிள்ளான்ல ஒரு பல் டொக்டர் தன்ர படகை விக்கிறார். பாக்க வடிவாத்தான் இருக்கு. உள்ளுக்குத் தண்ணி ஊறியிருக்கோ எண்டு எனக்குத் தெரியாது. நீர் பாத்துச் சொன்னா வாங்கிப் போடுவன்.” வாசல் வரை வழியனுப்ப வந்தவர், நான் காலணியை மாட்டும்போதுதான் முக்கியமானதைச் சொன்னார். “ஃபைபர் படகு தம்பி. அதுக்கும் உம்மட மீட்டர் சரிதானே?”

“அதுக்கும் சரிதான் அங்கிள்.”

மறுநாள் தொழிற்சாலையில் அதைச் சோதித்துப் பார்த்தேன். சூப்பர்வைசருக்கு ஒரு ஃபைபர் நாற்காலி இருந்தது. அதன் முதுகில் ஊசிகளைக் குத்தினேன், இறங்கவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். ஊசி ஒடிந்து நாற்காலியிலேயே நின்றுவிட்டது. (சூப்பர்வைசர் உட்கார்ந்து சாய்ந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.) ஃபைபருக்கு வேறு மீட்டர் வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

கோலாலம்பூரில் அளவுக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஒரு தமிழர். இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஊசி கிடையாது. அடியில் தட்டையான பட்டை, அதைப் படகின் மேல் வைத்தாலே போதும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு ஏற்றபடி முள் நகரும் என்றார். ஒன்றில் பெரிய முகப்பு, நுணுக்கமான கோடுகள், சத்தமே இல்லை. மற்றது சிறியது, ஆனால் ஈரம் கண்டால் கத்தும்.

“நிதானமா அளக்கிறதுக்கு இந்தப் பெருசு நல்லது பாஸ்,” என்றார். “கத்துறது சும்மா அவசரத்துக்குத்தான்லா. அப்புறம், படகு நல்லாக் காயணும். அடியில அடிச்சிருக்கிற சாயம்...”

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் கத்துகிற மீட்டரை அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை வருங்கால மாமனார் பக்கத்தில் நின்று கேட்கும் காட்சி என் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருட போனஸ் அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் ஆற்றோரம் படகுகளைக் கரையேற்றி வைக்கும் பட்டறைக்குப் போனேன். டை கட்டியிருந்தேன். நடராஜா அங்கிளும் கௌரியும் அவர்களுடைய வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள். வாரம் தவறாமல் மெழுகு போட்டுத் துடைக்கப்படும் கார் அது. படகின் சொந்தக்காரர் டாக்டர் சாமுவேல், எல்லோருக்கும் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டு வந்திருந்தார்.

“நீங்க பாக்கணும்னுதான் காலையிலயே தண்ணியில இருந்து ஏத்தி, கழுவியும் வச்சிருக்கேன்,” என்றார். படகின் அடிப்பாகம் செங்கல் சிவப்பில் இருந்தது. பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க அடிக்கிற சாயமாம். அங்கங்கே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் டையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து மீட்டரை வைத்தேன். கத்தியது. ஓரடி தள்ளி வைத்தேன். கத்தியது. முன்பக்கம், பின்பக்கம், நடு, எங்கே வைத்தாலும் ஒரே கத்தல். பக்கத்துப் படகில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆள் சேரச் சேர எனக்கு உற்சாகம் கூடியது. ஒவ்வொரு கத்தலுக்கும் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினேன்.

“எப்பிடி இருக்கு?” என்று நடராஜா அங்கிள் கேட்டார்.

“மொத்தமா ஊறிடுச்சு அங்கிள். இது படகே இல்ல. பஞ்சு.”

டாக்டர் சாமுவேல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “தம்பி, போன வாரம்தான் நானும் என் மனைவியும் இதுல கெத்தாம் தீவுக்குப் போயிட்டு வந்தோம். பஞ்சு மேல உக்காந்தா போனோம்?”

“மீட்டர் பொய் சொல்லாது டாக்டர்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

நடராஜா அங்கிளுக்குச் சங்கடமாகிவிட்டது. “மன்னியுங்கோ டொக்டர். எங்களுக்கு வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு பெரிய நஷ்டத்திலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தி அதைவிடப் பெரியதாக இருந்தது.

அப்போது கௌரி என்னிடம் கையை நீட்டினாள். “அதைக் கொஞ்சம் குடுங்க.”

மீட்டரை வாங்கிக்கொண்டு நேராகக் காரிடம் போனாள். முன்பக்க மூடியின் மேல் வைத்தாள். கத்தியது. கதவில் வைத்தாள். கத்தியது. கூரையில் வைத்தாள். படகில் கத்தியதைவிட நன்றாகவே கத்தியது. திரும்பி வந்து என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதற்கும் கத்தியது.

“அப்பா,” என்றாள். “உங்கட காரும் பஞ்சாம்.”

முதலில் சிரித்தவர் டாக்டர் சாமுவேல். வலைக்காரர்கள் தொடர்ந்தார்கள். நடராஜா அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நடந்து வந்து, “டொக்டர், நான் அவசரப்பட்டிட்டன்” என்று தொடங்கினார்.

“பரவாயில்ல சார். ஆனா படகை விக்கிற எண்ணம் எனக்குப் போயிடுச்சு,” என்றார் டாக்டர்.

நடராஜா அங்கிள் என்னை ஒரு முறை பார்த்தார். “பாப்பம்” என்றார். கார் போய்விட்டது. இந்தத் தடவை ‘பாப்பம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் கருவிக் கடைக்குப் போய் மீட்டரை மேசை மேல் வைத்தேன். “இது கெட்டுப்போன சாமான்,” என்றேன். விற்பனையாளர் பொறுமையாகக் கேட்டார். “அன்னிக்கே சொன்னேன்லா பாஸ். தண்ணியில இருந்து ஏத்தின உடனே பாக்கக் கூடாது, வாரக்கணக்கா காயணும். அடியில அடிக்கிற சாயத்துல செம்பு இருக்கு, இரும்பு, செம்பு எதைப் பாத்தாலும் இது ஈரம்னு நெனச்சுக் கத்தும். சாயத்தைச் சுரண்டிட்டு வச்சாத்தான் உண்மை தெரியும். நீங்க எங்க கேட்டீங்க?”

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கக் கிள்ளானில் அவர் கிளினிக்குக்குப் போனேன். பேர் பதிந்தால்தான் உள்ளே விடுவோம் என்று முன்னால் இருந்த பெண் சொன்னாள். பதிந்தேன். உள்ளே போனதும் இன்னொரு பெண் என்னை நாற்காலியில் சாய்த்துக் கழுத்தில் துணி கட்டினாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் உள்ளே வந்தார், திறந்த வாயில் கண்ணாடியை விட்டார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

“ஓ, மீட்டர் தம்பி.”

“ஆ... ஆ...” என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று அர்த்தம்.

“கடைவாய்ப் பல்லு ஒண்ணு நல்லா ஊறிப் போயிருக்கு. நான் மீட்டர் வைக்காமலே சொல்றேன்.”

அடைத்து முடித்து, கொப்பளித்த பிறகுதான் பேச முடிந்தது. படகின் அடிச்சாயம் முழுவதையும் நானே சுரண்டி, காயவைத்து, புதுச் சாயமும் அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் கையுறையைக் கழற்றினார். “எப்படியும் சுரண்ட வேண்டிய வருஷம்தான்,” என்றார். “டை கட்டிக்கிட்டு வராதீங்க.”

அடுத்து வந்த வாரக் கடைசிகளில் நான் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். சுரண்டச் சுரண்டச் சிவப்புத் தூள் தலை, காது, மூக்கு எங்கும் அப்பியது. முதல் நாள் வேலை முடிந்து பஸ் ஏறியபோது ஓர் ஆன்டி என்னைப் பார்த்து அலறி, டிரைவரிடம் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். சாயம் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை வெள்ளைக் கார் வந்து நின்றது. கௌரி சொல்லித்தான் நடராஜா அங்கிள் வந்திருந்தார் போல. படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து, கார் இருக்கையில் வைத்தார். பனியனோடு என் பக்கத்தில் வந்து குந்தி, கையை நீட்டினார். இன்னொரு சுரண்டியைக் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து சுரண்டினோம்.

“நீர் என்ஜினியர் இல்லையாம்.”

“இல்ல அங்கிள்.”

“படகைப் பற்றி ஏதும் தெரியுமோ?”

“ஒண்ணுமே தெரியாது அங்கிள்.” சொன்னதும் என் மேலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. (சிவப்புத் தூள் இல்லை, அது இறங்கப் பல நாளாகியது.)

“எனக்கும் தெரியாது,” என்றார் அவர். “பெரிய ஆள் மாதிரி டொக்டரோட கதைச்சுப் போட்டன்.” சற்றுக் கழித்து, “மதியம் சாப்பிட்டனீரோ?” என்று கேட்டார். காரில் இருந்து புட்டும் மீன் குழம்பும் வந்தன. இரண்டு பேர் விரலிலும் சிவப்பு. அந்தச் சாப்பாட்டின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

படகை மேற்கூரைக்குக் கீழே வாரக்கணக்கில் காயவிட்டோம். பிறகு எல்லோர் முன்னிலையிலும் மீட்டரை வைத்தேன். சத்தம் இல்லை. நகர்த்தினேன், சத்தம் இல்லை. முன்னால் இருந்து பின்பக்கம் வரை படகு வாயே திறக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் கத்தியது. நான் எதுவும் சொல்லாமல் கௌரியைப் பார்த்தேன். அவள் படகுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கு எண்ணெய்த் தொட்டி இருக்கு, இரும்பு” என்றாள். டாக்டர் சாமுவேல் அன்றே படகை விற்கச் சம்மதித்தார். எனக்கும் கௌரிக்கும் தை மாதம் கல்யாணம் நடந்தது. டாக்டர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மாமாவும் நானும் அந்தப் படகில் பல வருடம் மீன் பிடித்தோம். (பிடிக்கப் போனோம் என்பதே சரி.) அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு கேள்வி மட்டும் தேயவே இல்லை. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், இன்று மழை வராது என்றாலும் சரி, இந்தப் பழம் இனிக்கும் என்றாலும் சரி, இன்னொருவர் உடனே கேட்பார்: “கார்ல வச்சுப் பாத்தியா?”

என் பிள்ளைகள் பேச ஆரம்பித்த வயதிலேயே இதைக் கற்றுக்கொண்டார்கள். அண்மையில் ஒரு டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, “உங்களுக்குச் சக்கரை இருக்கு, சந்தேகமே இல்ல” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌரி முகத்தில் சிரிப்பே இல்லாமல், “கார்ல வச்சுப் பாத்தீங்களா டாக்டர்?” என்று கேட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே நோயாளிகள் காத்திருக்க, நான் படகிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.