பத்தாவது வழக்கு

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டே நாள், அந்த ஊருக்கு முகாம் நீதிமன்றம் வரும். வழக்குகள் பத்துக்குக் குறைந்தால் வராது. அத்தனை தூரம் வந்து நீதி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

தையற்கடை அக்காவின் வழக்கு மூன்று வருடமாகக் காத்திருந்தது. பக்கத்து இரும்புக்கடைக்காரர் எழுப்பிய சுவர் அவள் கடை வாசலில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒல்லியானவர்களுக்கு மட்டும்தான் அவளால் அளவெடுக்க முடிந்தது. ஊரில் ஒல்லியானவர்கள் கம்மி.

"இந்தத் தடவையும் வராதும்மா," என்றார் நீதிமன்ற குமாஸ்தா. "ஒன்பதுதான் இருக்கு."

"ஒண்ணு குறையுதுன்னு என்னை அலைய விடுறீங்களே, இது நியாயமா சார்?"

"நியாயமான்னு ஜட்ஜ்தான் சொல்லணும். அவர் வரணும்னா பத்து வேணும். யார்கூடவாவது சண்டை போடுங்கன்னு நான் சொல்லலை. சனிக்கிழமை வரைக்கும் மனு வாங்குவோம்னு மட்டும் சொல்றேன்."

அக்கா நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"டேய், என் மேல ஒரு கேஸ் போடு."

"எதுக்குக்கா?"

"நான் தைச்ச சட்டை இறுக்குதுன்னு போடு."

"சரியாத்தானே இருக்கு?"

"விசாரணைக்குள்ள நல்லாச் சாப்பிடு."

வக்கீல் மனு எழுதினார்: 'மேற்படி சட்டையின் இறுக்கத்தால் மனுதாரருக்கு மூச்சுத்திணறலும், சமூகத்தில் மதிப்புக் குறைவும், ஆற்றொணா மனவேதனையும் ஏற்பட்டன.' தம்பி அதை ஒரு முறை படித்துச் சிரித்தான். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. மூன்றாம் முறை கண் கலங்கிவிட்டது. இவ்வளவா பட்டிருக்கிறோம்! அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினான்.

நீதிமன்றம் வந்தது. முதல் நாள் வரவேற்பிலும், நீதிபதிக்குத் தோதான நாற்காலி தேடுவதிலும் போயிற்று. மறுநாள் நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். மூன்றரைக்கு நீதிபதி கேட்டார்: "சின்னதா ஏதாவது இருக்கா?"

சுவர் வழக்கின் கட்டு தலையணை உயரம். சட்டை வழக்கு ஒரே தாள்.

தம்பி அந்தச் சட்டையோடு கூண்டில் ஏறினான்.

"மூச்சை இழுங்க," என்றார் நீதிபதி.

இழுத்தான். இரண்டு பொத்தான்கள் தெறித்தன. ஒன்று நீதிபதியின் மேசையிலேயே விழுந்தது. வேறு சாட்சி எதற்கு? அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சுவர், அடுத்த முகாமுக்கு.

வெளியே தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மன்னிப்பெல்லாம் வேண்டாங்க்கா. சட்டை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கொஞ்சம் அதிகமாத் தின்னுட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

அக்கா இடுப்பில் கைவைத்தாள். சுவர் அவள் நினைவிலேயே இல்லை.

"இருபது வருஷமாத் தைக்கிறேன். என் தையலையா குறை சொன்னே? தள்ளுடா! குமாஸ்தா சார், அப்பீலுக்கு எங்கே கையெழுத்துப் போடணும்?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். முதலில் பேனாவை நீட்டியவர் இரும்புக்கடைக்காரர்.