நான் லேபிள் ஆன கதை

திருப்பூரில் எதனோடும் ஒப்பிடப்படாமல் தப்பித்தவர் யாராவது இருந்தால், அவர் எங்கள் லைன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் காலெடுத்து வைக்காதவராகத்தான் இருக்க வேண்டும். உள்ளே 'அதாட்டம்' இருந்தாள்.

எட்டு வயசு. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டானது. எதைக் கொடுத்தாலும் தடவி, தட்டி, மோந்து, "இது அதாட்டம் இருக்குதுங்க" என்று தீர்ப்புச் சொல்வாள்; 'அது மாதிரி' என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு. அதுவே பேராகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் எல்லோரையும் விளாசும் ஹவுஸ் ஓனரம்மாள், அவளுக்குத் துணி ஓரத்தை நறுக்கும் ஓவர்லாக் மிஷின். "வெட்டிக்கிட்டே இருப்பாங்க." பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் நான், பனியன் கழுத்து லேபிள். "உறுத்திக்கிட்டே இருப்பீங்கக்கா." தலையை வாரு, நகத்தை வெட்டு என்று நல்லது சொன்னதற்கு இந்தப் பட்டம்!

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். இடம் கிடைக்காவிட்டால் வெளியூர் ஹாஸ்டல்தான். பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இருப்பேன் என்று அவள் அம்மா ஒரே அழுகை. துணைக்கு நான்.

தலைமையாசிரியை சோதித்தார். "கன்னுக்குட்டி மாட்டுல இருந்து வருது. அதே மாதிரி கோழிக்குஞ்சு எதுல இருந்து வருது கண்ணு?"

"லாரியில இருந்துங்க."

பல்லடத்தில் அவள் அத்தைக்குக் கோழிப்பண்ணை. குஞ்செல்லாம் பெட்டி பெட்டியாக லாரியில்தான் வந்து இறங்கும். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள், "இங்க சரிப்படாதுங்க, ஹாஸ்டல்லயே சேத்திருங்க" என்று தலைமையாசிரியை முடித்துவிட்டார். அம்மா கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க ஓவர்லாக் மிஷினாட்டம்ங்க" என்றாள் அதாட்டம்.

நான் அவசரமாக அவள் வாயைப் பொத்தப் போனேன்.

"அப்படீன்னா?" என்றார் தலைமையாசிரியை.

"வெட்டிக்கிட்டே ஓரத்தையும் சேத்துத் தெச்சிருமுங்க. அப்புறம் துணி பிரியாதுங்க. எங்க ஓனரம்மாளும் ஊட்டைக் காலி பண்ணுன்னு தெனமும் வெட்டுவாங்க. ஆனா அனுப்பவே மாட்டாங்க."

தலைமையாசிரியை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, குலுங்கிச் சிரித்துவிட்டார். "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் நானும் பதவி உயர்வு கேட்டேன். "ஏங்கண்ணு, டீச்சருக்கு மட்டும் நல்லதாச் சொன்னியே, நான் இன்னும் உறுத்தற லேபிள்தானா?"

"ஆமாங்கக்கா. லேபிள் உறுத்தாட்டி, பனியனுக்கு முன்பக்கம் எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது கம்பெனிகளில் லேபிளைத் துணியிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். அதாட்டத்தின் பனியன்களுக்கு மட்டும் நான் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறேன், நன்றாக உறுத்தும்படி.