சூடேறாமல் நிறுத்தக் கூடாது

வெங்காயம் வதக்கும் தாச்சியில் காரின் நான்கு ஸ்பார்க் பிளக்குகள் வறுபட்டுக்கொண்டிருந்தன. அடுப்படி முழுக்கப் பெற்றோல் வாடை.

"இன்னைக்குமா?" என்றாள் மனைவி மார்ஜரி. கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டு அலுத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது.

"ரெண்டு நிமிஷம். காஞ்சா கார் ஓடிரும்," என்றார் சிறில்.

மகள் மதுஷிகா புதுச்சேலையும் கையில் ஃபைலுமாக வாசலில் நின்றாள். மாத்தளையில் ஒரு கம்பனியில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. "பஸ்ல போகட்டும்" என்று மார்ஜரி நேற்றே சொல்லிப் பார்த்தாள். சிறிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கு இந்தக் கார் இவளைக் கொண்டுபோய் விடலன்னா, வித்துடுறேன். சத்தியம்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார்.

சிறில் இரத்தோட்டையில் குடியிருந்துகொண்டு யட்டவத்தயில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஐம்பது வயது வரை வீண் செலவு என்று எதையும் அறியாதவர், ஒரே ஓர் ஆசைக்கு இடம் கொடுத்தார். அதுதான் ரோட்டரி இஞ்சின் பூட்டிய அந்தச் சிவப்புக் கார். மற்றக் கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இதில் முக்கோணம் ஒன்று சுற்றும். கணக்கு வாத்தியார் மயங்க அது போதாதா?

வாங்கிய மறுநாள், கடவுளுக்கு நன்றி சொல்லப் பக்கத்து மாதா கோவிலுக்குக் காலைப் பூசைக்கு நடந்து போய் வந்தார். வந்து சாவியைத் திருகினால், கார் கர்ர் என்று இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மெக்கானிக் முனாஸ் பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தான்.

"சேர், இது மத்த இஞ்சின் மாதிரி இல்ல. ஸ்டார்ட் பண்ணினா நல்லா சூடேற ஓட்டணும். கொஞ்சம் எடுத்து ஒடனே நிப்பாட்டினா பெற்றோல் உள்ளேயே தேங்கி பிளக் நனஞ்சிரும். பொறகு கெளம்பாது."

"நான் அப்பிடி நிப்பாட்டவே இல்லையே!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க சேர்."

அன்றிலிருந்து சிறில் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை. கடைத்தெருவை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, இஞ்சின் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்துவார். முதலில் கடைக்காரர்கள் கை காட்டினார்கள். பிறகு பாவம் பார்த்தார்கள். கார் பெற்றோலும் குடித்தது, எண்ணெயும் குடித்தது. கார்ப் பேச்சை எடுத்தாலே மார்ஜரி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள், எதுவும் காதில் விழாமல் இருக்க.

இவ்வளவு பார்த்தும் சில காலைகளில் அது கிளம்பவில்லை. புதுப் பிளக் போட்டார், புது பற்றரி போட்டார், பலனில்லை. மனிதக் கை விட்ட இடத்தில் தெய்வம்தான் என்று, வெள்ளிக்கிழமை மட்டும் போன பூசைக்குத் தினமும் போகத் தொடங்கினார். கார் தினமும் கிளம்ப மறுத்தது.

"டாடி, நீங்க கும்பிடக் கும்பிட அது மோசமாகுது," என்றாள் மதுஷிகா.

"சோதனை மகள். விடக் கூடாது."

இன்றும் விடியக்காலையில் போய், முழங்காலில் நின்று, மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வந்தார். அதன் பலன் தாச்சியில் வறுபட்டுக்கொண்டிருந்தது.

வறுத்த பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருகினார். கிளம்பவில்லை. சரிவில் தள்ளலாம் என்று மார்ஜரியும் மதுஷிகாவும் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். பாதிச் சரிவில் வெடி வெடித்தது போல 'டமார்' என்றது. பஸ் ஹோல்ட்டில் நின்ற தேயிலைத் தோட்டத்து வேலம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். வெள்ளைப் புகைக்கு நடுவே கார் உயிர் பெற்றது.

"ஏறு, ஏறு!" என்று கத்தினார் சிறில். மதுஷிகா ஓடி ஏறினாள். சந்தியில் மாத்தளை பஸ் குறுக்கே நின்றது. சிறில் பிரேக்கை மிதித்தார். கார் ஒரு குலுங்குக் குலுங்கி அடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை தடவை திருகியும் அசையவில்லை.

"டாடி, நான் பஸ்ஸுலயே போறேன்," என்று மதுஷிகா இறங்கினாள். பஸ் அதற்குள் புறப்பட்டுவிட்டது.

அடுத்த பஸ்ஸில் அவள் போய்ச் சேர்ந்தபோது நேர்முகம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். பின்னேரம் பெற்றோல் மணக்கும் சேலையோடு வந்தவள், "பரவாயில்ல டாடி, வேற எடம் பாப்போம்," என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் 'பரவாயில்ல'தான் சிறிலின் நெஞ்சை அறுத்தது. அன்றே காரை விற்க ஆளிடம் சொல்லியனுப்பினார்.

நாவுலயிலிருந்து ஜெஸ்டின் என்றொரு பையன் சனிக்கிழமை காலையில் வந்தான். சிறில் அன்று பூசைக்குப் போகவில்லை. இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? காரின் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "எதுக்கும் திருகிப் பாருங்க," என்றார்.

ஒரே திருகு. கார் பூனைபோல உறுமிக்கொண்டு கிளம்பியது. சிறிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "துரோகி," என்றார் மெதுவாக.

கார் போன புழுதி அடங்குமுன், அன்று லொறி எடுக்காமல் வீட்டிலிருந்த பின்வீட்டு மிளகு வியாபாரி ஸக்கரியா வந்தார்.

"என்ன சேர், அநியாயமா குடுத்திட்டீங்களே! தங்கமான காராச்சே!"

"ஸக்கரியா நானா, அது காலையில ஸ்டார்ட் ஆகாதே! ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது. விடியவே லொறியோட போயிருவீங்க."

ஸக்கரியா திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"என்ன சேர் பேசுறீங்க? நீங்க பூசைக்குப் போற நாளெல்லாம் மார்ஜரி தங்கச்சிக்கிட்ட சாவிய வாங்கி, என்ட லொறி போறதுக்கு ரெண்டடி முன்னால எடுத்து, ஒங்களுக்குக் கரச்சல் குடுக்கக் கூடாதுன்னு திரும்ப அதே எடத்துல வச்சி நிப்பாட்டிட்டுத்தானே போறேன். எனக்கு அது ஒருநாள்கூட ஸ்டார்ட் ஆகாம இருந்ததில்லையே!"